எம்.எஸ். நோயாளிக்குத் தியானம்: எதற்கு, எந்த அளவுக்கு?

1991 வளைகுடாப் போரில் இஸ்ரேல் நகரங்கள் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 32 பேரைக் கவனித்துவந்த மருத்துவர்கள் அப்போது எதிர்பாராத ஒன்றைப் பதிவு செய்தார்கள். போர் நடந்த நாட்களிலும் அடுத்த இரண்டு மாதங்களிலும் நோய் தாக்குவது வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது. 15 ஆண்டு கழித்து, 2006 லெபனான் போரின்போது வடக்கு இஸ்ரேலில் ராக்கெட் வீச்சுக்கு நடுவே வாழ்ந்த 156 நோயாளிகளை வேறொரு குழுவினர் ஆராய்ந்தார்கள். இந்த முறை முடிவு நேர்மாறு. நோய் தாக்குவது கூடியிருந்தது.

“எல்லாம் டென்ஷனால வர்றது, தியானம் பண்ணினா சரியாயிடும்” என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது. மன அழுத்தத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் பி.எம்.ஜே. இதழில் வந்த கட்டுரை, தொடர்பு உண்டு என்றே சொன்னது. ஆனால் யாருக்கு, எந்த வகை அழுத்தம், எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. மையலின் என்ற அந்த உறை சிதைந்த இடத்தில் நரம்பு வழியே போகும் செய்தி தடுமாறும். சிதைவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவரால் சிறுநீரை அடக்க முடியாது. 1868இல் பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார். இன்று உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது படிப்பு முடித்து, வேலை தேடி, கல்யாணம் பேசும் காலத்தில்தான் வந்து நிற்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

கண்ணுக்குத் தெரியும் ஊனத்தைவிட, தெரியாத தொல்லைகள்தான் இந்த நோயாளிகளை அதிகம் வாட்டுகின்றன. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அதில் முதன்மையானது. நோயாளிகளில் பாதிப் பேர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார்கள். அடுத்த தாக்குதல் எப்போது, எந்த உறுப்பில் என்ற பயம் வேறு. இதற்கெல்லாம் ஸ்கேன் படம் கிடையாது. “பார்க்க நல்லாத்தானே இருக்கே” என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்வார்கள். தியானம் உதவுகிறதா என்று கேட்க வேண்டிய இடம் இதுதான்.

கேட்டவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி முறை அவர்களுக்கு மாதிரி. பௌத்தத் தியானத்தையும் யோகாசனத்தையும் எடுத்து, சமயச் சடங்குகளைக் கழித்து, நாள்பட்ட வலியோடு வருகிறவர்களுக்காக அவர் உருவாக்கியது அது. பாசலில் 150 எம்.எஸ். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். வீட்டில் தினமும் 40 நிமிடப் பயிற்சி. மற்றப் பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 2010இல் ‘நியூராலஜி’ இதழில் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு அசதியும் மனச்சோர்வும் குறைந்து வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன், சற்றே குறைந்தாலும், நீடித்தது. இடையில் நின்றவர்கள் 5 சதவீதம்தான். எந்த உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறவரும் பொறாமைப்படும் கணக்கு இது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. பயிற்சி பெறாத பிரிவினர் வாராவாரம் எங்கும் கூடவில்லை, யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை. அப்படியென்றால் பலன் தந்தது தியானமா, கூடியிருந்ததா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பின்னர் 62 பேரிடம் நடந்த ஆய்வு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஒரு குழுவுக்குத் தியானம். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு வகுப்புகள், ஆனால் நோயைப் பற்றிய பாடம் மட்டும். இரண்டு குழுவினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. தியானத்தைக் குறைத்துச் சொல்ல இதைப் பயன்படுத்தலாம்தான். ஆனால் அதைவிடப் பயனுள்ள செய்தி இதற்குள் இருக்கிறது. ஒரே நோய் உள்ளவர்கள், விஷயம் தெரிந்த ஒருவரோடு, வாராவாரம் ஒரே அறையில் உட்காருவதே பாதி வைத்தியம். பலன் நீடிக்கும் என்பதற்கும் உறுதியில்லை: இத்தாலியில் இணையம் வழியாக 139 பேரை வைத்து நடந்த பயிற்சியில், இரண்டு மாதத்தில் தெரிந்த பலன் ஆறாம் மாதத்தில் காணவில்லை.

நோயையே தியானம் தடுக்குமா? இதற்கு மிக அருகில் வந்த ஆய்வு, தியானத்தைப் பற்றியது அல்ல; மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித்தரும் சிகிச்சையைப் பற்றியது. டேவிட் மோர் தலைமையில் அமெரிக்காவில் 121 பேரிடம் நடந்து 2012இல் வெளியானது. சிகிச்சை நடந்த 24 வாரங்களில் மூளையில் புதிய அழற்சிப் புள்ளிகள் இல்லாதவர்கள் சுமார் 77 சதவீதம். சிகிச்சை பெறாதவர்களில் 55 சதவீதம். எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிந்த வித்தியாசம் என்பதால் பரபரப்பாகப் பேசப்பட்டது. சிகிச்சையை நிறுத்தியதும் அந்த வித்தியாசமும் மறைந்துபோனது என்ற இரண்டாம் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

தியானமே குணப்படுத்தியது என்ற நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நோயின் குணத்திலேயே பதில் இருக்கிறது. சுமார் 85 சதவீதம் பேருக்கு இது விட்டுவிட்டு வரும் நோயாகவே தொடங்குகிறது. ஒரு நாள் கண் மங்கும். சில வாரங்களில், பல சமயம் மருந்தில்லாமலே, பார்வை பெருமளவு திரும்பிவிடும். அந்த இடைவெளியில் நோயாளி தியானத்தில் உட்கார்ந்திருந்தால் பெருமை தியானத்துக்கு. கஷாயம் குடித்திருந்தால் கஷாயத்துக்கு. பரிகாரம் செய்திருந்தால் சொல்லவே வேண்டாம். இதை நம்பி, நோயைக் கட்டுப்படுத்தும் ஊசி மருந்தை நிறுத்துகிறவர், அடுத்த தாக்குதலில் இழப்பதைத் திரும்பப் பெறுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் 1993இல் இன்டர்ஃபெரானோடு வரத் தொடங்கின. இன்று வகைவகையாக உள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் ரிட்டுக்ஸிமாப் உள்ளிட்ட மூன்று மருந்துகளை எம்.எஸ். நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளாகச் சேர்த்தது.

தியானத்தை உயர்த்திப் பிடிக்கும் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜார்ஜ் ஜெலினெக் கூட மருந்தைத் தள்ளச் சொல்லவில்லை. தாயாருக்கு இருந்த அதே நோய் தமக்கும் இருப்பதாக 1999இல் தெரியவந்த அவர், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, தினமும் அரை மணி நேரத் தியானம் என்று ஒரு முறையை வகுத்தார். தேவைப்படுவோருக்கு மருந்தும் அந்த முறையில் ஓர் அங்கம். அவருடைய உணவு விதிகள் பற்றி நரம்பியல் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தியானம் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி. தியானம் நமக்குப் புதிதல்ல; தெருவுக்கு ஒரு மையம் இருக்கிறது. ஆனால் எம்.எஸ். நோயாளியின் உடம்பைத் தெரிந்து சொல்லித்தரும் ஆசிரியர்தான் அரிது. உடல் சூடு சிறிது ஏறினாலே இவர்களில் பலருக்குப் பார்வை மங்கும், கால் துவளும். எனவே சித்திரை வெயிலில் காற்றோட்டமில்லாத கூடத்தில் உட்காருவது ஆகாது. சம்மணமிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். நாற்காலி போதும், படுத்துக்கொண்டும் செய்யலாம். உடலின் ஒவ்வொரு பாகமாக மனத்தைச் செலுத்தும் பயிற்சி, மரத்துப்போன காலை அடைந்ததும் அமைதிக்குப் பதில் அழுகையைத் தரலாம். அங்கே நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்பச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார வைக்கும் பத்து நாள் முகாம்களுக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மனச்சோர்வு முற்றியவர்களுக்கு மனநல மருத்துவர்தான் முதலில். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கண்ணை மூடி உட்காருவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நரம்பியல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளி தியானத்தைப் பற்றிக் கேட்டால் “செஞ்சா செய்ங்க” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வேண்டாம். அப்படி முடிக்கும்போதுதான் நோயாளி மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் போய்ச் சேருகிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் துறை இருக்கிறது, இயன்முறைச் சிகிச்சையாளர் இருக்கிறார், மனநல ஆலோசகர் இருக்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ். நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வாரத்தில் ஒரு பிற்பகல், மின்விசிறி ஓடும் ஓர் அறை, சாய்வு நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒருவர். இவ்வளவு இருந்தால் பாசலில் நடந்ததை மதுரையிலோ கோவையிலோ எட்டு வாரத்துக்கு நடத்திப் பார்க்கலாம். மாத மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் தொகை பெரிதல்ல. துறைத் தலைவர்கள் யாராவது ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும்.