தொட்டிக்குக் காவல் யார்?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. கலந்தது யார் என்றே பேசுகிறோம். அந்தத் தொட்டியைக் காக்க வேண்டியவர் யார் என்று கேட்பதில்லை. பாதுகாப்பு என்றாலே காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1994 ஊராட்சிகள் சட்டப்படி குடிநீரும் தெருவிளக்கும் சுடுகாடும் ஊராட்சியின் கடமைகள். காலனித் தெருவில் விளக்கு எரியாத இரவுகளில் பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை எந்த வழக்கு நாட்குறிப்பும் எழுதாது.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது; பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலித் தலைவருக்கு நாற்காலிகூடத் தராத ஊர்கள் உண்டுதான். இருந்தாலும் வாசலில் போய் நின்று கேட்க ஒருவர் இருந்தார். தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு.