ஒட்டிய என்பும் ஓயாத கூடையும்

முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஆணி பூட்டி, என்புகளை ஒன்றாய் ஒட்டவைக்கும் சத்திரசிகிச்சை இன்று அதிசயமன்று. சிகிச்சை பெற்ற தொழிலாளிப் பெண்ணிடம் படத்தைக் காட்டி, "என்பு ஒட்டிவிட்டது, மலைக்குப் போகலாம்" என்று சொல்லும் நியாயமே நமக்கு அதிசயமாயிருக்கிறது.

குணம் என்பதற்கு அளவுகோல் எது? படத்தில் ஒட்டிய என்பா, வலியின்றி உழைத்து வாழும் வாழ்வா? என்பு ஒட்டியும் வலி நீங்காதோர் உளர். ஒட்டிய மூட்டு அசையாது. அதன் வேலையை மேலும் கீழுமுள்ள மூட்டுகள் சுமக்கின்றன. எலும்புமுறிவு, முள்ளென்பு நழுவல் போன்றவற்றுக்கு இச்சிகிச்சை தேவைப்படலாம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாட்பட்ட இடுப்புவலிக்கு? பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் சிகிச்சை பெற்றோரைச் சராசரி 11 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கத்திக்கு உட்பட்டோரும், முறையான உடற்பயிற்சியும் உளவழிப் பயிற்சியும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நட்டஈடு கோரிய தொழிலாளரைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் கசப்பானது: இரண்டு ஆண்டுகளின் பின் வேலைக்குத் திரும்பியோர், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 26 சதவீதம், பெறாதவர்களில் 67 சதவீதம். இரு சாராரின் நோயும் ஒரே தரத்தது அல்லவாகலாம். ஆயினும் கத்தி மட்டும் தொழிலாளியை மீட்பதில்லை என்பதற்கு இது எச்சரிக்கை.

இனிப் பசறை, நமுனுகுலை, அப்புத்தளைச் சரிவுகளைப் பாருங்கள். அங்கே பெண்ணின் முதுகில் கொழுந்துக் கூடை. கிலோ குறைந்தால் அரைப்பேர். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது, கூடை மாறவில்லை. ஆறு மாதம் ஓய்வெடு என்று வைத்தியர் சொன்னால், அந்த ஆறு மாதமும் லயத்தில் அடுப்பு எரிவது எப்படி?

"வேலையில் விபத்து நேர்ந்தால் நட்டஈடு உண்டே" என்பர். 1934ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. இருபது ஆண்டுகள் சுமந்து தேய்ந்த இடுப்புக்கு எந்த நாளை எழுதுவது?

ஆதலால் நாம் கேட்பது தருமமன்று, உரிமை. சிகிச்சைக்குப் பின் சம்பளத்துடன் ஓய்வும் இலகு வேலையும் வேண்டும். சுமைக்கு வரம்பும், கொழுந்து பறிக்கும் இடத்தருகே தராசும் வேண்டும். பதுளை நகருக்கு அலையாமல் தோட்டத்தருகிலேயே இயன்மருத்துவரின் பயிற்சி வேண்டும். சிகிச்சை பெற்றவர் பத்து ஆண்டுகளின் பின் எவ்வாறு வாழ்கிறார் என்று கணக்கெடுக்கும் பதிவேடும் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! லயத்துப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மாரின் இடுப்புவலியை விதியென்று கற்பிக்கும் பாடம் இன்றோடு நிற்கட்டும்.