மாணவனின் ஓய்வு நாள் யாருக்குச் சொந்தம்?

பல்கலைக் கழக மாணவன் சனி ஞாயிறுகளில் ஊர் சுற்றுகிறான் என்பது மலேசியத் தமிழர் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் குற்றச்சாட்டு. பால்மரம் வெட்டிய பாட்டனும் லாரி ஓட்டும் தந்தையும் சிந்திய வியர்வையால் படிக்க வந்தவன், திரைப்படத்திற்கும் தே தாரிக்கிற்கும் இரவுகளைச் செலவிடலாமா என்று கேட்கின்றனர். கேள்வி உருக்கமானது, ஆனால், ஆராய்ந்து கேட்கப்பட்டதன்று.

அப்படி அவன் என்னதான் செய்கிறான்? மலாயாப் பல்கலைக் கழக மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோர் விடையைக் காணலாம். சனிக்கிழமை காலையில் விடுதியில் துணி துவைக்கிறான். வெயில் தாழ்ந்ததும் திடலில் பந்தாடுகிறான். பின்னர் நண்பர்களுடன் யுனிவர்சிட்டி நிலையத்தில் இரயில் ஏறுகிறான். நான்காவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல், இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைச் சோறு. அதற்கடுத்த நிலையம் பசார் சேனி. 1888இல் தோன்றிய பழஞ்சந்தை, 1980களில் இடிபடாமல் தப்பிக் கலைச்சந்தையாக நிற்கும் இடம். அதற்கும் அடுத்தது, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909 முதல் நிற்கும் மஸ்ஜித் ஜாமெக். கோலாலம்பூர் நகரம் வளர்ந்து பரவிய மூலத்தை அவன் ஒரு மாலையில் காலால் அளந்துவிடுகிறான்.

உடன் வருபவர் யார்? கிளந்தானிலிருந்து வந்த மலாய் மாணவன். ஈப்போவின் சீன மாணவன். தொடக்கப் பள்ளிப் பருவத்தை மொழிவாரியாகத் தனித்தனியே கழித்த இம்மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து வாதிடுவதும் சிரிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு நாள்களில்தாம். ஒற்றுமை பற்றிய விரிவுரைகள் நூறு கேட்டாலும் கிட்டாத பாடம் இது. இதனை வீண்பொழுது என்பவர்கள் கல்வியைத் தேர்வுத்தாளோடு முடித்துவிடுகிறார்கள்.

பணம் பாழாகிறதே என்பர் சிலர். 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். நிதி தருவது கடன். அதனைப் பெற்றுப் படிப்பவன் வேலைக்குச் சென்றபின் திருப்பிக் கட்டக் கடமைப்பட்டவன். அவன் குடிக்கும் தேநீருக்கும் அவனே கணக்குக் கொடுக்கிறான். ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் கொடுப்பதில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. மாணவரின் ஓய்வு மெல்ல மெல்ல விலைக்கு வாங்கப்படும் பொருளாகிவிட்டது. இரயில் பாதையின் ஓரத்திலேயே பேரங்காடி. குளிர்ச்சியான கூடம், திரையரங்கு, தள்ளுபடி விலை. தாமே படைத்த மகிழ்ச்சி குறைந்து, பிறர் விற்கும் மகிழ்ச்சி பெருகிவிட்டது. ஆனால், இந்நிலைக்கு மாணவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி?

1960களில் அதே வளாகத்தில் பேச்சு மூலை இருந்தது. மாணவர் சங்கம் இருந்தது. 1974 டிசம்பரில், பாலிங் வட்டார ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காகச் சிலாங்கூர் கிளப் திடலில் மாணவர்கள் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1971இன் பல்கலைக் கழகச் சட்டம் 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. பேச்சுக்குக் கட்டு, கூட்டத்துக்குக் கட்டு, நிதி திரட்டவும் கட்டு. கூடிப் பேசும் உரிமையைப் பறித்துக் கொண்ட சமுதாயம், அவன் கடைக்குப் போகிறான் என்று கண்ணீர் வடிப்பது, கிணற்றை மூடிவிட்டுத் தாகத்தைப் பழிப்பது போன்றது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வளாகத்தில் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கியது உண்மை. ஆனால், ஒரு தலைமுறைக்கு மேல் அடக்கப்பட்ட பழக்கம் ஒரு சட்டத் திருத்தத்தால் மறுநாளே மீண்டுவிடுமா?

தமிழ்ச் சமுதாயத்தின் பங்கும் சிறிதன்று. மாணவர்கள் தேவை என்கிறார்கள், எதற்கு? நாற்காலி அடுக்க, மாலை ஏந்த, பிரமுகர் வரும்வரை வாயிலில் காத்திருக்க. கருத்துச் சொல்ல அழைப்பவர் எத்தனை பேர்? மாணவியின் நிலை இன்னும் கொடிது. மாணவனுக்குக் கிடைப்பது வசையேனும் உண்டு. பல வீடுகளில் மகளுக்கு ஊர் சுற்றும் வாய்ப்பே இல்லை. வெள்ளி மாலையே வீடு திரும்ப ஆணை. அண்ணன் நகரைக் கற்கிறான். தங்கை அடுக்களையைக் காக்கிறாள். இருவரும் பெறும் பட்டம் ஒன்று. பெறும் உலகம் ஒன்றா?

1956இல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கியது. அக்காலத்தில் கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி மக்களிடம் கையேந்தித் தமிழ் நூல்களுக்கு வழி செய்தார். அந்த மக்கள் இளைஞரை நம்பிக் கொடுத்தார்கள்; கண்காணிக்கக் கொடுக்கவில்லை. அந்நம்பிக்கைதான் இன்று வேண்டுவது.

நாடக மேடையையும் விவாத அரங்கையும் மாணவரிடமே ஒப்படையுங்கள். தலைமையுரை இல்லாத ஒரு மாலையை அவர்களுக்கு விடுங்கள். மகளுக்கும் அதே இரயில் சீட்டைக் கொடுங்கள். பின்னர் அவர்கள் சிரித்தால், அதனைக் குற்றம் என்று எழுதாதீர்கள். ஐந்து நாள் பிறர் சொல்லக் கேட்கும் இளைஞன், எஞ்சிய இரண்டு நாளில்தான் தானே எண்ணப் பழகுகிறான். அந்த இரண்டு நாளும் அவனுடையவை, அவளுடையவையும்கூட.