அணு உலை வளாகத்துக்குள்ளேயே வாரியத்தின் பொறியாளர் வேண்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின்சாரம் எடுக்கிறோம். கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடிக்கொண்டிருக்க, அதே வளாகத்தில் மேலும் நான்கு எழுந்து வருகின்றன. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்கள் சங்கத்துப் பொறியாளர்களிடம் ஒரே கருத்து இல்லை. அந்த விவாதத்தை இந்த அறிக்கை தொடவில்லை. உலை இருக்கும்வரை அதைக் கண்காணிப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் எங்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளாகத்திலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சம்பளத்தில், வாரியத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் பொறியாளர்கள் ஆண்டு முழுவதும் பணியில் இருக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அவர்கள் எழுதுவது மக்கள் கைக்கு வர வேண்டும்.

நிலையத்துக்குள்ளேயே பாதுகாப்புப் பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதில் நேர்மையாக உழைப்பவர்கள் எங்கள் உறுப்பினர்களிலும் உண்டு. ஆனால் அவர்களுடைய பதவி உயர்வும் இடமாற்றமும், உற்பத்தி இலக்குக்குப் பொறுப்பான அதே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. பராமரிப்புக்காக நிறுத்திய உலையை எப்போது மறுபடி இயக்குவது என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில், "இந்த வால்வை இன்னொரு முறை பார்க்கணும் சார்" என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது. அப்படிச் சொன்னதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதியும் வேண்டும்.

விபத்து பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் நீராவிக் கலன்களுக்குத் துணை நீர் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு வால்வுகள் மூடிக் கிடந்தன. இரண்டு நாள் முன்பு நடந்த சோதனைக்குப் பிறகு அவற்றைத் திறக்காமல் விட்டதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அவை மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பராமரிப்பு அட்டை ஒன்று மறைத்துத் தொங்கியது. விபத்து தொடங்கி எட்டு நிமிடம் கழித்துத்தான் வால்வுகள் மூடியிருப்பது கண்ணில் பட்டது. அன்று உலையைக் கெடுத்த பெரிய காரணம் திறந்தபடி சிக்கிக்கொண்ட இன்னொரு வால்வு. ஆனால் அந்த முதல் நிமிடங்களின் குழப்பத்தில் இந்த அட்டைக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டு உதாரணம் நரோரா. 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப்பிரதேசத்தின் அந்த நிலையத்தில் டர்பைன் பிளேடுகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. வழக்கமான மின்சாரத்துக்கான கேபிளும், அது போனால் கைகொடுக்க வேண்டிய மாற்று மின்சாரத்துக்கான கேபிளும் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே பாதையில் போயிருந்தன. இரண்டும் சேர்ந்தே எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப்போய், உலை மறுபடி உயிர்பெறாதிருக்க போரான் கரைசலைக் கையாலேயே திறந்துவிட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளே நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. அந்த ஊழியர்களுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. கேபிள்களைப் பிரித்துப் போட வேண்டும் என்ற பாடமோ 1975-இல் அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி தீ விபத்திலேயே உலகத்துக்குக் கிடைத்திருந்தது. கேபிள் பாதையில் நடந்து பார்த்து, "இது இப்படி இருக்கும்வரை உலையை ஓட்ட அனுமதியில்லை" என்று சொல்லும் அதிகாரத்தோடு அங்கே தினமும் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்கா 1970-களின் பிற்பகுதியில் உள்ளுறை ஆய்வாளர் முறையைத் தொடங்கி, திரீ மைல் ஐலண்டுக்குப் பின் எல்லா நிலையங்களுக்கும் விரிவாக்கியது. ஆய்வாளர் நிலையத்துக்கு அருகிலேயே குடியிருப்பார். முன்னறிவிப்பின்றி எந்த ஷிப்டிலும் உள்ளே போவார். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து நிர்வாகத்தோடு ஒட்டிவிடாதபடி பணிக்காலத்துக்கு வரம்பு உண்டு. ஆய்வு அறிக்கைகள் பொதுவில் வெளியாகும்.

ஆள் இருந்தால் மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் ஆய்வாளர்கள் இருந்தும் தவறு நடந்தது. 2000-ஆம் ஆண்டுப் பராமரிப்பின்போது எடுத்த புகைப்படத்தில் உலையின் மூடி மீது துருச் சிவப்பில் போரிக் அமிலப் படிவு வழிந்திருந்தது. 2002 மார்ச்சில் பார்த்தபோது அந்த அமிலம் ஆறு அங்குலக் கனமுள்ள எஃகைத் தின்று தீர்த்திருந்தது. உள்ளே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டுமே அழுத்தத்தைத் தாங்கி நின்றது. ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் அரசு ஆய்வாளர்கள் இருந்தார்கள். நெருக்கடி முற்றிய 2011 மார்ச் 14-இல் அவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறினார்கள். ஆகவே பயிற்சி, போதுமான ஆள்பலம், நெருக்கடியிலும் இடத்தை விட்டு நகராத கடமை ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கிறோம்.

இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைந்தது. அது அரசுக்குக் கீழ்ப்பட்ட நிலையிலேயே இருக்கிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல் சுட்டிக்காட்டினார். நிலையங்களுக்கு வந்து ஆய்வு செய்வதை அதிகப்படுத்தும்படி பன்னாட்டு அணுசக்தி முகமையின் நிபுணர் குழு 2015-இல் ஆலோசனை சொன்னது. அண்மை ஆண்டுகளில் வாரியம் வளாகங்களில் தன் பார்வையாளர் குழுக்களை நிறுத்தத் தொடங்கியிருக்கிறது. அதை மனமார வரவேற்கிறோம். 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி என்ற அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறது. அதே சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் இத்துறையைத் திறந்துவிட்டது. லாபக் கணக்கு உள்ளே வரும்போது, பார்வையாளர் என்ற பெயரோடு நிற்பது போதாது. ஆணையிடும் பொறியாளராக அவர் மாற வேண்டும்.

அப்படிப்பட்டவரின் ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குத் தெளிவு உண்டு. காலையில் ஷிப்ட் மாறும்போது கட்டுப்பாட்டு அறையில் நின்று லாக் புக்கைப் படிப்பார். டீசல் ஜெனரேட்டர் சோதனையைக் காகிதத்தில் அல்லாமல் நேரில் பார்ப்பார். தீத்தடுப்புக் கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைத்திருந்தால் எடுக்கச் சொல்வார். ஒப்பந்தத் தொழிலாளியின் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று கேட்பார். நாங்கள் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசி வேலையைத்தான். ஏனென்றால் புகார் சொன்னால் நாளை கேட் பாஸ் கிடைக்காது என்று அஞ்சுபவர் அந்தத் தொழிலாளி.

அவர் எழுதுவதை ஏன் மக்களுக்கு வெளியிட வேண்டும் என்பதற்குக் கூடங்குளமே சாட்சி. 2013 ஏப்ரலில் கூடங்குளம் முதல் உலையின் சோதனையில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று வாரியமே அறிவித்தது. அந்த அறிவிப்பால் உலைக்கு எந்தக் கேடும் வரவில்லை. 2019-இல் அதே நிலையத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் புகுந்த செய்தி முதலில் மறுக்கப்பட்டு, பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் நம்பிக்கை குறைந்தது இப்படிப்பட்ட மறுப்புகளால்தான்.

சாந்தி சட்டத்தின் விதிகளில் உள்ளுறைப் பாதுகாப்புப் பொறியாளர் பணியிடம், வேலையை நிறுத்தும் அதிகாரம், பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு, பணிக்காலம் முடிந்ததும் அதே நிறுவனத்தில் சேரத் தடை ஆகியவற்றைச் சேர்க்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு அறிக்கை தமிழில் வெளியாகி, கூடங்குளம், கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் ஊராட்சி அலுவலகங்களில் யாரும் படிக்கக் கிடைக்க வேண்டும். திருநெல்வேலி, செங்கல்பட்டு மாவட்ட மக்களவை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.