மணமேடைக்கு முன் ஒரு கணக்கு

என் முன்னாள் மாணவி ஒருவர், மணக்கவிருப்பவருடன் மயிலாப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். அடையாறில் கடன் பெற்று வீடு வாங்கவிருக்கும் அவர்கள், திருமணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதலாமா என்று கேட்டனர்.

எழுதலாம், நீதிமன்றத்தில் நிற்கும் என்ற உறுதியில்லை. போர்த்துகீசிய சிவில் சட்டம் தொடரும் கோவாவில் இதற்கு அங்கீகாரம் உண்டு. பிற மாநிலங்களில், பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தங்கள் செல்லாது என்னும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்துத் திருமணத்தால் மட்டும் சொத்து பொதுவாகிவிடாது. பத்திரத்தில் உள்ள பெயரே பேசும். இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துக்கான பங்களிப்பே என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மனைவிக்குச் சமபங்கு அளித்தது. பல்லாண்டு வழக்குக்குப் பிறகே அது கிடைத்தது.

ஆகவே, வீட்டை இருவர் பெயரிலும் பதிவுசெய்யச் சொன்னேன். நகைகளுக்குப் பட்டியல் வேண்டும்; சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது. மாதத் தவணையை யார் எவ்வளவு கட்டுவது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு நான் ஒன்று கேட்டேன்: குழந்தைக்காக ஒருவர் வேலையை விட்டால், வீட்டில் அவர் பங்கு குறையுமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒப்பந்தம் எழுதினாலும் எழுதாவிட்டாலும், அதற்கான பதிலை முகூர்த்தத்துக்கு முன்பே அவர்கள் கண்டாக வேண்டும்.