பருத்தி விதையும் நமது பற்றுவரவும்

சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வியாபாரிகளாகிய நமக்குப் பருத்தி அந்நியச் சரக்கல்ல. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் நம் கடைகளில் விற்கின்றன. அதைவிட முக்கியம், பருத்தி போட்டவர் கையில் நாலு காசு புரண்டால்தான் நமது பற்றுவரவு நோட்டில் பாக்கி தீரும். ஆகவே விதைப் பையின் மேல் அச்சடித்திருப்பதை நாமும் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

மரபணு மாற்றிய விதை போட்டால் பஞ்சின் தரம் உயரும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நடந்தது வேறு. 2002-ல் மத்திய அரசு அனுமதித்த பி.டி. பருத்தியில் புகுத்தியது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை. செடியைத் தின்னும் காய்ப்புழு சாகும். அதன் வேலை அவ்வளவே. இழையின் நீளமும் வலிமையும் நயமும் எந்த வீரிய ஒட்டு ரகத்தில் அது புகுத்தப்பட்டதோ அந்த ரகத்தின் பிறவிக் குணம். 2006-ல் இரண்டு மரபணு கொண்ட விதை வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில ஆண்டுகளில் அதற்கும் பழகிவிட்டது. இழையையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1996-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பஞ்சு இழைக்குள்ளேயே ஒருவகை பிளாஸ்டிக்கை விளைய வைத்துக் காட்டினார்கள். பரிசோதனை ஜெயித்தது, அந்தப் பஞ்சு சந்தைக்கு வரவில்லை.

உயர்ந்த இழை நம்மிடமே பிறந்திருக்கிறது. 1974-ல் கோவையில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த சுவின் பருத்தி 100, 120-ம் நம்பர் நூலுக்குத் தாங்கும். ஆனால் வயது அதிகம், மகசூல் குறைவு, பூச்சித் தொல்லை வேறு. கூடுதல் விலை கிடைக்காமல் யார் அதைப் போடுவார்கள்? எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் நாட்டு ஆலைகள் மிக நீண்ட இழைப் பஞ்சை வரவழைக்கின்றன. இத்தனைக்கும் எஸ்.வி.பி.ஆர். ரகங்களைத் தந்த வேளாண் பல்கலைக்கழகப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

கோளாறு விதையில் மட்டும் இல்லை, விலையிலும் இருக்கிறது என்பது நம் கருத்து. ஆலைக்காரர் இழையைக் கருவியில் அளந்து வாங்குகிறார். விவசாயியிடம் வாங்குகிறவரோ கையால் இழுத்துப் பார்த்து, நல்லதற்கும் சுமாருக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார். மிக நீண்ட இழைப் பருத்தியை வளர்க்க ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பணத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோறும் இழை அளக்கும் கருவி வைத்து, மில்லிமீட்டருக்கு ஏற்ற விலை தர ஆவன செய்ய வேண்டும். நம் சங்கமும் இதை வற்புறுத்த வேண்டும்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. காலியான பிளாஸ்டிக் சாக்குகளை நாம் விலைக்குப் போடுகிறோம். பருத்தி எடுக்க அவையே போகின்றன. சாக்கு நார் பஞ்சோடு கலந்தால் துணியில் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. ஆலை விலையைக் குறைத்துவிடும். பருத்திக்கென்று கேட்டு வருகிறவருக்குக் காடாத் துணிப்பை கொடுக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.