முதுகுவலி: புது டாக்டரிடம் எதை, எப்படிச் சொல்வது?

சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் சுமை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது. முதல் நாள் பக்கத்துக் கிளினிக், மறுவாரம் அரசாங்க சுகாதாரக் கிளினிக், அதன் பிறகு மருத்துவமனை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது டாக்டர். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குக் கிடைப்பதோ சில நிமிடம். என்ன மருந்து, எத்தனை நாள் எம்சி, சொக்சோ பணம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடத்தில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் பொறுத்தே அமைகின்றன.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நிலைமை வேறு. தோட்ட மருத்துவமனையில் ஒரே டிரெசர் பல ஆண்டுகள் இருப்பார். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும். அந்த மருத்துவம் போதுமானதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோயாளியின் பழைய கதை அவர் நினைவில் இருந்தது. பட்டணத்துக்கு வந்தபின் அந்த நினைவைச் சுமக்க வேண்டியவர் நோயாளிதான்.

டாக்டர் மாறிக்கொண்டே இருப்பதற்கு அரசாங்கக் கொள்கையும் ஒரு காரணம். 2016 டிசம்பர் முதல் அரசாங்க மருத்துவத் துறையில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் கறுப்பு உடையில் வேலையிடங்களிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாடே பார்த்தது. ஒப்பந்தம் முடிந்து போனவர்களும் வெளிநாடு சென்றவர்களும் உண்டு. போன மாதம் பார்த்த டாக்டர் இந்த மாதமும் அதே நாற்காலியில் இருப்பார் என்று உறுதி கூற முடியாது. ஒரு கிளினிக்கின் குறிப்புகளை இன்னொரு கிளினிக் உடனே திறந்து பார்க்கும் வசதியும் எல்லா இடத்திலும் இல்லை.

"சாக்கிட் பிங்காங்" மட்டும் போதாது

புது டாக்டர் "என்ன செய்கிறது?" என்று மலாயில் கேட்டால், நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வது "சாக்கிட் பிங்காங்" என்ற இரண்டே சொல். இதே மனிதர் வீட்டில் சொல்லும்போது குத்துகிறது, எரிகிறது, உளைகிறது, கடுக்கிறது, சுண்டி இழுக்கிறது, மரத்துப்போகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று பிரித்துச் சொல்வார். தமிழில் வலிக்கு இத்தனை சொற்கள் இருப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாற்றைக் காட்டக்கூடும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோனல்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல் 78 சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கியது. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே டாக்டருக்குத் தடயம் என்பதுதான் அதன் அடிப்படை. இடுப்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல் இறங்கி, பாதம் மரத்துப்போனால் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். குனிந்து நிமிரும்போது மட்டும் பிடித்து, படுத்தால் அடங்கினால் தசை, தசைநார் பக்கம் யோசிப்பார். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாடினால் குறைந்தால் அழற்சி நோய் இருக்குமோ என்று சோதிப்பார்.

மலாயிலும் இவற்றுக்குச் சொற்கள் உண்டு. மரத்துப்போவது "கெபாஸ்", எரிவது "பெடே", உளைவது "லெங்ஙு", குத்துவது "மெஞ்சுச்சுக்". இந்த நான்கையும் தெரிந்துகொண்டு, வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வதும் வழக்கம். காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்கும் முறையைச் சுகாதார அமைச்சு 2008-இல் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. சிலர் பயத்தில் "பத்து" என்பார்கள். சிலர் கூச்சத்தில் "பரவாயில்லை" என்று சிரிப்பார்கள். இரண்டும் டாக்டரைத் தவறான பக்கம் திருப்பும். "உட்கார்ந்தால் மூன்று, பத்து நிமிடம் நின்றால் ஏழு, இரவில் இரண்டு முறை எழுந்துவிடுகிறேன்" என்பது அவருக்குப் பயன்படும் பதில்.

பலமான மாத்திரை கேட்டால் ஏன் தயக்கம்?

முதல் சந்திப்பிலேயே மருந்தின் பெயரைச் சொல்லி "அதுதான் வேணும்" என்று கேட்டால் பல டாக்டர்கள் பின்வாங்குவார்கள். அது அவமதிப்பு அல்ல. அமெரிக்காவில் 1996-இல் ஆக்சிகொண்டின் என்ற அபின் வகை வலிநிவாரணி விற்பனைக்கு வந்தது. அதன் பின் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளிலிருந்து வளர்ந்த போதைச் சிக்கல் இன்றுவரை அங்கே உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தை எல்லா நாட்டு மருத்துவர்களும் படித்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம், அந்த மருந்துகள் முதுகுவலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்பது. திடீரென வந்த முதுகு, கழுத்து வலிக்கு அபின் வகை மருந்து வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 347 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. பாராசிட்டமோலும் திடீர் முதுகுவலியைச் சீக்கிரம் குணமாக்கவில்லை என்று அதே நாட்டின் 2014 ஆய்வு கூறியது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட முதுகுவலி வழிகாட்டி உடற்பயிற்சி, உடலியக்கச் சிகிச்சை, உளவியல் உதவி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அபின் வகை மருந்தும் இடுப்புப் பட்டையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது.

டைக்லோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளுக்கு இடம் உண்டு. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவற்றால் ஆபத்தும் உண்டு. 2023 தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். நீரிழிவு நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிப்பதால், "சர்க்கரை இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

கடையில் வாங்கிய ஜாமு, பொட்டலத்தில் வரும் "மூட்டு வலி மாத்திரை" ஆகியவற்றையும் மறைக்கக்கூடாது. இப்படிப்பட்ட பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பெட்டியில் "எம்ஏஎல்" பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பெட்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

முதல் நாள் பேச்சும் சொக்சோவும்

வேலையிடத்தில் அடிபட்டவருக்கு முதல் டாக்டரிடம் சொல்வது சிகிச்சைக்கு மட்டுமல்ல, வருமானத்துக்கும் முக்கியம். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்சி கிடைத்தால் சராசரி தினக் கூலியில் 80 விழுக்காட்டைத் தற்காலிக இயலாமைத் தொகையாகப் பெறலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைச் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் பாதுகாப்பு உண்டு.

"கொஞ்ச நாளாகவே முதுகு வலி" என்று சொன்னால் டாக்டரின் குறிப்பில் அதுதான் பதிவாகும். பிறகு "அன்று பெட்டி தூக்கும்போதுதான் வந்தது" என்று சொக்சோவில் வாதாடுவது கடினம். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது, எவ்வளவு எடை என்று நடந்ததை நடந்தபடி முதல் நாளிலேயே சொல்லி, எழுதிக்கொள்ளும்படி கேட்பதில் தவறில்லை. செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

கேள்வி கேட்பது உரிமை

"டாக்டரிடம் எதிர்த்துப் பேசலாமா?" என்ற தயக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது. இதற்குச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 1982-இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு விலகிப் பெட்டாலிங் ஜெயாவில் சிகிச்சை பெற்று, அறுவைக்குப் பின் செயலிழந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான அபாயங்களை மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதே அதன் சாரம். அந்தத் தீர்ப்புக்கு 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும், என்ன பக்க விளைவு, வேறு வழி உண்டா என்று கேட்பதற்கு இன்று யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

மூன்று மாதம் தாண்டியும் வலி போகவில்லை என்றால் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கும். செலாயாங் மருத்துவமனையில் வலி நிபுணர் டாக்டர் மேரி சுமா கார்டோசாவும் சகாக்களும் 2002-இல் "மெனாங்" திட்டத்தைத் தொடங்கினார்கள். மலாயில் அதற்கு "வெற்றி" என்று பொருள். வலியை முழுதாக விரட்டுவதைவிட, வலி இருக்கும்போதே நடப்பது, வேலை செய்வது, தூங்குவது எப்படி என்று அது நோயாளிக்குப் பயிற்சி அளித்தது. சொக்சோவும் 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்துகிறது. வலி நிபுணரிடமோ உடலியக்கச் சிகிச்சைக்கோ அனுப்ப முடியுமா என்று கிளினிக் டாக்டரிடம் கேட்கலாம். "வலி போகணும்" என்பதைவிட "எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கணும், பேரனைத் தூக்கணும்" என்று சொன்னால் டாக்டருக்கும் ஓர் இலக்கு கிடைக்கும்.

சிலவற்றுக்கு மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போவது, கால் பலமிழப்பது, முதுகுவலியோடு காய்ச்சல் வருவது ஆகியவை கண்டால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு தாள் போதும். அடிபட்ட நாள், வலியின் சொல், எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இதுவரை சாப்பிட்ட மருந்துகள், மற்ற நோய்கள், ஒவ்வாமை. பள்ளிக்குப் போகும் பிள்ளை மலாயில் எழுதிக் கொடுத்துவிடும். நோயாளியின் பதிவு அவரோடு எல்லா மருத்துவமனைக்கும் போகும்படி செய்வது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது வரும்வரை, சட்டைப் பையில் இருக்கும் அந்த ஒரு தாள்தான் புது டாக்டருக்குப் பழைய கதையைச் சொல்லும்.